பத்து மாதக் குழந்தைக்குப் பதினேழு கிலோவா?

நைட் டியூட்டிக்கு ஹேண்டோவர் வாங்கி முடித்த கையோடு அந்தக் குழந்தை அட்மிஷன் வந்தான். பத்து மாதம், இரண்டு நாள் காய்ச்சல், சரியாகப் பால் குடிக்கவில்லை. நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன தங்கை ஒருத்தி அவனை எடை பார்த்து, கேஸ் ஷீட்டின் மூலையில் 17.6 என்று எழுதினாள். டியூட்டி டாக்டர் கேஷுவாலிட்டியில் மாட்டிக்கொண்டிருந்தார். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கொடுத்துவிடுங்கள், வந்து பார்க்கிறேன் என்று போனிலேயே சொன்னார். அவள் கணக்குப் போட்டாள். 17.6 பெருக்கல் 15, மொத்தம் 264 மில்லிகிராம். வார்டில் இருந்தது ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து. அப்படியென்றால் 2.6 மில்லி. சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு வந்து, “அக்கா, ஒரு தடவை செக் பண்ணிடுங்க” என்று நீட்டினாள்.

பெருக்கிப் பார்த்தேன், வகுத்துப் பார்த்தேன். கணக்கு சரி. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது குழந்தையின் அம்மா கேட்டார்: “சிஸ்டர், பதினேழு கிலோன்னா சொன்னீங்க? இவன் அக்கா யூகேஜி படிக்கிறா. அவளே பதினாறுதான் இருப்பா.”

அவனை வாங்கித் தூக்கிப் பார்த்தேன். பதினேழு கிலோ என்றால் ஐம்பது கிலோ அரிசி மூட்டையில் கால் பங்குக்கும் மேல். இவனோ ஒரு கையில் அடங்கினான். மறுபடி மெஷினில் படுக்க வைத்தோம். அதே 17.6. எண்ணுக்கு வலப்பக்கம் கீழே, கடுகளவு எழுத்தில், ‘எல்பி’ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள். பவுண்டு. துடைக்கும்போதோ துணி மாற்றும்போதோ யாரோ அளவு மாற்றும் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். நான் அதே பொத்தானை அழுத்தினேன். 7.98 என்று மாறியது.

அவனுக்குக் கொடுக்க வேண்டியது 120 மில்லிகிராம், அதாவது 1.2 மில்லி. நாங்கள் கொடுக்க இருந்தது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

ஒரு வேளை பாராசிட்டமால் அந்த அளவில் போயிருந்தால் அவனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எடை என்பது ஒரு வேளை மருந்தோடு முடிகிற விஷயமா? கேஸ் ஷீட்டின் மூலையில் ஒரு தடவை ஏறிவிட்ட எண்ணைத்தான் அடுத்த ஷிஃப்ட்டும் பார்க்கும், டாக்டரும் பார்ப்பார், மருந்தகமும் பார்க்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அதே 264 போயிருந்தால், ஒரு நாளில் கிலோவுக்கு 132 மில்லிகிராம் ஆகியிருக்கும். நாங்கள் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கும் 60இன் இரண்டு மடங்குக்கும் மேல். கல்லீரல் அதைத்தான் தாங்காது. டிரிப் போட்டிருந்தால்? எட்டு கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்கு 800 மில்லி என்பது வழக்கமான கணக்கு. முதல் பத்து கிலோவுக்குக் கிலோவுக்கு 100, அடுத்த பத்துக்கு 50 என்று போகும் அந்தக் கணக்கில் 17.6ஐப் போட்டால் 1,380 மில்லி வரும். நடுராத்திரியில் காய்ச்சல் வலிப்பு வந்து, வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் மருந்தை அதே எடைக்கு எடுத்திருந்தால் மூச்சே அடங்கியிருக்கலாம். அன்றைக்கு வீட்டுக்குப் போன பிறகும் இதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் உறுத்தியது. இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது, நாங்களும் சரிபார்த்தோம். ஆனால் நாங்கள் சரிபார்த்தது பெருக்கலை. எடையை இரண்டாவது ஆள் மறுபடி பார்க்கவே இல்லை. எழுதியிருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன். எழுதியிருந்த எண்ணுக்குப் பக்கத்தில் கிலோ என்றும் இல்லை, பவுண்டு என்றும் இல்லை. வெறும் 17.6. அதற்குக் கிலோ என்று நானே மனதுக்குள் சேர்த்துக்கொண்டேன்.

நம் ஊரில் பவுண்டு யாருக்கும் கையில் பழகிய எடை இல்லை. பழைய ஆட்கள் ராத்தல் என்பார்கள், அதுதான் இது. இலங்கையில் இன்றும் கடையில் ‘ஒரு றாத்தல் பாண்’ என்று கேட்டு வாங்குவார்கள், 450 கிராம் ரொட்டி. இங்கே 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகு படிப்படியாகக் கிலோ வந்து, வீசையும் பலமும் ராத்தலும் போய்விட்டன. அதனால் பவுண்டு நம் கண்ணில் பட்டாலும் அது பவுண்டு என்று உறைப்பதில்லை. அமெரிக்காவில் வீட்டிலும் கடையிலும் இன்னும் பவுண்டுதான். அங்கே இதே தவறு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. அம்மா பவுண்டில் சொல்வார், கணினியில் கிலோவுக்கான கட்டத்தில் அது அப்படியே ஏறிவிடும். 88 பவுண்டு பையன், அதாவது 40 கிலோ பையன், 88 கிலோ ஆகிவிடுவான். அங்கே மருந்துப் பாதுகாப்புக்காகவே இயங்கும் ஐ.எஸ்.எம்.பி என்ற நிறுவனம், நோயாளியை மெட்ரிக் அளவில் மட்டுமே எடை பாருங்கள், அதிலேயே எழுதுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறது. மெஷினைக் கிலோவில் பூட்டிவிடுங்கள் என்பதும் அங்கே அடிக்கடி கேட்கும் அறிவுரை.

சரி, கணக்கு. ஒரு பவுண்டு என்பது 0.45359237 கிலோ. 1959இல் பவுண்டு பயன்படுத்தும் நாடுகள் சேர்ந்து முடிவு செய்த துல்லியமான எண் இது. வார்டில் யாரும் இதைப் பயன்படுத்துவதில்லை. ஒரு கிலோவுக்கு 2.2 பவுண்டு என்று வைத்துக்கொண்டு, பவுண்டை 2.2ஆல் வகுக்கிறோம். அமெரிக்காவில் நர்ஸாகப் பதிவு பெறுவதற்கான என்கிளெக்ஸ் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளும் இதைத்தான் படிக்கிறார்கள். 154 பவுண்டு வகுத்தல் 2.2, எழுபது கிலோ. சரியான எண் 2.2046 ஆயிற்றே, 2.2 போட்டால் தப்பாகாதா என்று சில மாணவிகள் பயப்படுவார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஆயிரத்தில் இரண்டு பங்குதான். பயப்பட வேண்டியது அதற்கில்லை.

பயப்பட வேண்டியது வகுக்கிற இடத்தில் பெருக்குவதற்கு. நைட் டியூட்டியின் நான்கு மணிக்கு, கண் எரியும் நேரத்தில், 154ஐ 2.2ஆல் பெருக்கி 338.8 என்று எழுதிவிட்டால், கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. மாற்றவே மறந்தால் 2.2 மடங்கு, திருப்பி மாற்றினால் 4.84 மடங்கு. நான் மாணவிகளுக்குச் சொல்வது ஒன்றுதான்: கிலோ எண் எப்போதும் பவுண்டு எண்ணைவிடச் சின்னது, பாதிக்கும் கொஞ்சம் கீழே. கால்குலேட்டரைத் தொடும் முன்பே மனதில் போட்டுப் பார்க்கலாம். பவுண்டில் பாதி எடுத்து, அந்தப் பாதியில் பத்தில் ஒன்றைக் கழித்துவிட வேண்டும். 17.6இல் பாதி 8.8, அதில் 0.88 போனால் 7.92. மருந்து போட இந்த எண் வேண்டாம், அதற்கு 2.2ஆல் வகுத்த எண்தான் வேண்டும். ஆனால் கால்குலேட்டரில் 38 என்று வந்தால் கை தானாக நின்றுவிடும்.

அவுன்ஸ் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். வெளிநாட்டில் பிறந்த பேரனைப் பார்க்கத் தாத்தா பாட்டி ஊருக்கு அழைத்து வருவார்கள், இங்கே ஏதாவது உடம்புக்கு வந்தால் அங்கத்திய ரெக்கார்டோடு நம் வார்டுக்கு வருவார்கள். ‘7 பவுண்டு 12 அவுன்ஸ்’ என்று பிறந்த எடை இருக்கும். அதை 7.12 என்று எழுதினால் தப்பு. ஒரு பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ். 12ஐ 16ஆல் வகுத்தால் 0.75. அப்படியென்றால் 7.75 பவுண்டு, 3.52 கிலோ. 7.12 என்று எடுத்தால் 3.24 கிலோ, முந்நூறு கிராம் காணாமல் போய்விடும். பிறந்த குழந்தைக்கு முந்நூறு கிராம் சாதாரணமில்லை, முதல் வாரத்தில் எவ்வளவு எடை குறைந்தது என்று பார்ப்பதே அந்த அளவில்தான். இங்கிலாந்தில் வேலை செய்யும் தோழிகள் ‘ஸ்டோன்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். 14 பவுண்டு, அதாவது 6.35 கிலோ. வயதானவர்கள் தங்கள் எடையை அதில்தான் சொல்வார்களாம்.

பவுண்டே இல்லாத நம் ஊர் வார்டில் அதிகம் நடப்பது கிராம்–கிலோ குழப்பம். பச்சைக் குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவான எஸ்.என்.சி.யூ.வில் 1,850 கிராம் என்று எழுதுவோம். கிலோவில் 1.85. அவசரத்தில் புள்ளி ஓரிடம் நகர்ந்து 18.5 ஆகிவிடும். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான அளவு 7.4 மில்லிகிராம். தப்பான அளவு 74. பெரியவருக்குப் பத்து மடங்குத் தவறு நடக்க வேண்டுமென்றால் பத்து ஆம்பியூல் உடைக்க வேண்டும். மூன்றாவது உடைக்கும்போதே சந்தேகம் வந்துவிடும். பச்சைக் குழந்தை விஷயத்தில் அந்தக் காவல் இல்லை. 2 மில்லியில் 80 மில்லிகிராம் உள்ள சாதாரண ஜென்டாமைசின் குப்பியில் 7.4 மில்லிகிராம் என்பது 0.185 மில்லி, 74 மில்லிகிராம் என்பது 1.85 மில்லி. இரண்டும் ஒரே குப்பிக்குள், ஒரே சின்ன சிரிஞ்சுக்குள் அடங்கிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தவறாகத் தெரியாது. சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடிய மருந்து அது. அதனால்தான் புள்ளிக்கு முன்னால் பூஜ்ஜியம் போடாமல் .5 என்று எழுதாதீர்கள், 5 என்பதை 5.0 என்று எழுதாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். புள்ளி மங்கினால் முதலாவது 5, இரண்டாவது 50.

பெரியவர்கள் வார்டில் எடையே பார்ப்பதில்லை, அதுவும் என் நெடுநாள் வருத்தம். பக்கவாதம் வந்து தூக்கி வருவார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அதிகபட்சம் 90. நோயாளியால் பேச முடியாது. மகனிடம் கேட்டால், “அப்பா ஒரு அறுபது, எழுபது இருப்பாருங்க” என்பார். அறுபதுக்கு 54 மில்லிகிராம், எழுபதுக்கு 63. கூடினால் மூளையில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து கூடுகிறது, குறைந்தால் கட்டி கரையாமல் நின்றுவிடலாம். நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். படுக்கையோடு எடை காட்டும் கட்டில் இருக்கும் இடங்களில் தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள். இல்லாத இடத்தில் குத்துமதிப்பாக எடுத்தால், கேஸ் ஷீட்டில் ‘உறவினர் சொன்ன எடை’ என்று அதையும் எழுதுங்கள். அடுத்து வருபவர், நிறுத்துப் பார்த்த எடை எது, சொன்ன எடை எது என்று தெரிந்துகொண்டு வேலை செய்வார்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாராசிட்டமால் ஒரே பெயரில் மூன்று விதமாகக் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125, இன்னொரு சிரப்பில் ஐந்து மில்லிக்கு 250. “போன தடவை அஞ்சு மில்லி குடுத்தோம்” என்று நினைவில் வைத்துச் சொட்டு மருந்தில் ஐந்து மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், பெரியவர்கள் போடும் ஒரு முழு மாத்திரை. குழந்தையின் இன்றைய எடை எத்தனை கிலோ, பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது, இரண்டையும் டாக்டரிடமோ எங்களிடமோ காட்டிக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய எடையைச் சொல்லாதீர்கள். நாங்கள் சொல்லும் எண் உங்கள் பிள்ளைக்குப் பொருந்தவில்லை என்று தோன்றினால், அன்றைக்கு அந்த அம்மா கேட்டது போலக் கேளுங்கள். தினமும் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிகிறவர் அவர். அந்த இடுப்புக்குத் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அந்த ராத்திரியே சம்பவத்தை எழுதிக் கொடுத்தோம். அந்தத் தங்கை அழுதாள். யார் பொத்தானை அழுத்தினார்கள் என்று விசாரிப்பதில் நேரம் போக்காமல், பொத்தானை என்ன செய்வது என்று யோசித்தோம். பெரிய பிளாஸ்டரை இரண்டு மடிப்பாக அதன் மேல் ஒட்டி, ‘கிலோ மட்டும்’ என்று பேனாவால் எழுதினோம். கேஸ் ஷீட்டில் எடைக்கான இடத்தில் கிலோ என்று முன்பே அச்சிட்டு வாங்கினோம். மருந்தைச் சரிபார்க்க வரும் இரண்டாவது ஆள் முதலில் குழந்தையின் வயதையும் எடையையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். “பத்து மாதம், பதினேழு கிலோ” என்று சொல்லும்போதே காதில் இடறும். ஒன்றிலிருந்து ஆறு வயது வரை வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டினால் எதிர்பார்க்கும் எடை வரும் என்று படித்திருப்போமே, அந்தக் கணக்கில் பதினேழரை கிலோ என்பது கிட்டத்தட்ட ஐந்து வயதுப் பிள்ளையின் எடை.

சில மாதம் கழித்துப் பேட்டரி மாற்றியபோது மெஷின் தானாகவே மறுபடி பவுண்டுக்குப் போயிருந்தது. பிளாஸ்டர் ஒட்டியபடியே இருந்தது. அன்றிலிருந்து பேட்டரி மாற்றுபவர் முதலில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றை ஒட்டிக் காட்டினால் கிலோ, இரண்டைத் தாண்டினால் பவுண்டு. அந்தப் பாட்டில் இப்போதும் எடை மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலில்தான் இருக்கிறது. தாகத்துக்கு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று அதன் மேலும் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறோம்.