லீக்கேஜ் கரண்ட்: ஒழுக்கா, கசிவா?

பினாங்கு, பாயான் லெப்பாஸ். பழுதுபார்க்கும் மேசையில் திரவத்தின் அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் மீட்டர் ஒன்றைத் திறந்து வைத்திருந்தோம். மேசை விளக்கைக் கிட்டே இழுத்தால் எண் நகர்ந்தது. உள்ளங்கையால் மறைத்தால் பழைய இடத்துக்கே வந்தது. "டயோடு லீக் ஆகுது" என்றேன். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம்தான் டயோடு. "எங்கே அண்ணே ஓட்டை?" என்று கேட்டார் புதிதாக வேலைக்கு வந்த தம்பி. நல்ல கேள்வி.

'லீக்' என்பது பழைய நார்ஸ் மொழியில் சொட்டுவதைக் குறித்த சொல்லின் வழி வந்தது. மலாயில் லீக்கேஜ் கரண்ட்டை 'ஆருஸ் போச்சோர்' என்பார்கள்; கூரையும் போச்சோர், பைப்பும் போச்சோர். அதைக் கேட்டுப் பழகிய நமக்கு உடைசல்தான் நினைவுக்கு வரும். தமிழில் இதற்கு இரண்டு சொல் உண்டு. ஓட்டை வழியே வருவது ஒழுக்கு. ஓட்டையே இல்லாத புதுப் பானையின் உடம்பெல்லாம் ஈரம் பூக்கிறதே, அது கசிவு. பானையில் குறையில்லை, மண்ணின் இயல்பு அது. டயோடும் அப்படித்தான். எதிர்த்திசையில் அடைத்து நின்றாலும் மிகச் சிறிய ஓட்டம் ஊறிக்கொண்டே இருக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அது ஏறக்குறைய இருமடங்காகும். கண்ணாடிக் கூட்டில் இருக்கும் டயோடு என்றால் வெளிச்சம் பட்டாலும் கூடும். ஆகவே 'கசிவு மின்னோட்டம்' என்பதே சரி, சுருக்கமாகக் கசிவோட்டம்.

இந்த டயோடுகளை மீட்டரின் உள்ளீட்டில் வைப்பதே, உள்ளே வரும் சிறு மின்னழுத்தத்தை வாங்கிப் பெரிதாக்கும் பெருக்கியைக் காக்கத்தான். வோல்ட் எல்லை மீறினால் மிச்சத்தை மின்வழங்கல் பக்கம் வடித்துவிடும். ஆனால் திரவத்தில் தோய்க்கும் பிஎச் கண்ணாடி மின்முனையின் மின்தடை 100 மெகாஓம் அளவு. சாதாரண 1என்4148 டயோடின் கசிவோ, தரவுத்தாள்படி 20 வோல்ட்டில் 25 நானோஆம்பியர் வரை போகலாம். பெருக்கிப் பாருங்கள், 2.5 வோல்ட்! ஒரு பிஎச் அலகுக்குக் கிடைப்பது வெறும் 59 மில்லிவோல்ட். வேலியே பயிரை மேய்கிறது.

அப்புறம் கசிவு மிகக் குறைந்த பிஏவி199 டயோடு வாங்கிப் போட்டோம். அதன் கசிவு வழக்கமாக 3 பிக்கோஆம்பியர், பிழை 0.3 மில்லிவோல்ட்டோடு நின்றுவிடும். கறுப்பு பிளாஸ்டிக் கூடு, வெளிச்சமும் புகாது. முன்னால் 100 கிலோஓம் தடை ஒன்று. தவறிப்போய் 100 வோல்ட் பட்டாலும் 1 மில்லிஆம்பியருக்கு மேல் உள்ளே போகாது. 100 மெகாஓமுக்குப் பக்கத்தில் அந்தத் தடை அளவீட்டுக்குத் தெரியவே தெரியாது.

தம்பி விளக்கை மீட்டருக்கு மேலேயே இழுத்துப் பிடித்தார். எண் அசையவில்லை.