டாக்ரியோசிஸ்டோகிராஃபி: கண்ணீர்ப்பைப் படப்பதிவு

கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது என்று வருபவருக்கு, அடைப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறிய எடுக்கப்படும் ஊடுகதிர்ப் படமே டாக்ரியோசிஸ்டோகிராஃபி. கிரேக்க மொழியில் டாக்ரியோன் என்பது கண்ணீர், கிஸ்டிஸ் என்பது பை, கிராஃபெயின் என்பது எழுதுதல் அல்லது வரைதல். கண்ணீரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான லாக்ரிமா பழைய வடிவில் டாக்ருமா என்றே இருந்ததால், ‘லாக்ரிமல்’ என்ற மருத்துவ அடைமொழியும் இதே வேரில் கிளைத்ததுதான்.

இதனைக் ‘கண்ணீர்ப்பை வரைவியல்’ என்று தமிழாக்கலாம் எனத் தோன்றும். ஆனால் ‘இயல்’ ஒரு துறையைக் குறிப்பது. இதுவோ ஒரு செய்முறை. எனவே ‘கண்ணீர்ப்பைப் படப்பதிவு’ என்பதே தகும். மூலச்சொல் பையை மட்டுமே சுட்டினாலும், இமையின் உள்முனையிலுள்ள துளைகள், நுண்குழல்கள், பை, மூக்கினுள் இறங்கும் நாளம் என முழுப் பாதையும் படத்தில் பதிவாகிறது.

1909ஆம் ஆண்டில் யூயிங் என்பவர் பிஸ்மத் உப்பைச் செலுத்தி இவ்வகைப் படத்தை முதன்முதலில் எடுத்தார். இன்று நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, கீழிமைத் துளை வழியே மெல்லிய குழாயை நுழைத்து, ஓரிரு மில்லிலிட்டர் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை, அதாவது ஊடுகதிர்ப் படத்தில் பாதையைத் தெளிவாகக் காட்டும் மருந்தைச் செலுத்துகிறார்கள். தலை நேராக நிற்க வேண்டும். சிறிது பக்கவாட்டில் திரும்பினாலும் வலப்பாதையையும் இடப்பாதையையும் ஒப்பிட இயலாது. முகவாயைப் போதிய அளவு உயர்த்தினால்தான் மண்டையோட்டின் அடியிலுள்ள தடித்த எலும்பின் நிழல் பாதையின்மேல் விழாமல் விலகும்.

இதைவிட முக்கியமானது, படுத்திருப்பதா நிமிர்ந்திருப்பதா என்பது. படுத்த நிலையில் மருந்தை முன்தள்ளுவது ஊசிக்குழலின் அழுத்தம். ஆகவே அந்தப் படம் பாதையின் வடிவத்தையும் அடைப்பின் இடத்தையும் காட்டுமே தவிர, கண்ணீர் தானாக வடிகிறதா என்பதைக் காட்டாது. அதனால்தான் சில நிமிடங்கள் கழித்து நோயாளியை எழுப்பி அமரவைத்து மீண்டும் ஒரு படம் எடுக்கிறார்கள். அழுத்தத்தில் தடையின்றி ஓடிய மருந்து, புவியீர்ப்பின் துணை இருந்தும் பையிலேயே தேங்கி நின்றால், பாதை திறந்திருந்தும் வடிகால் செயற்படவில்லை என்று ஐயுற வேண்டும். இதனைச் ‘செயற்பாட்டு அடைப்பு’ எனலாம். படத்தின் ஓரத்தில் ‘படுத்த நிலை’, ‘அமர்ந்த நிலை’ என்று குறிக்காத பதிவைப் பாதிப் பதிவாகவே நான் கருதுகிறேன்.

1972இல் அறிமுகமான கதிரியக்கத் துளிச் சோதனையில் அழுத்தமே இல்லை. டெக்னீசியம் என்னும் கதிரியக்கத் தனிமம் கலந்த ஒரு சிறு துளியைக் கண்ணில் விட்டு, நோயாளியை அக்கதிர்களைப் படமாக்கும் காமா கேமரா முன் நிமிர்ந்து உட்காரவைத்து, இயல்பாக இமைக்கச் சொல்கிறார்கள். கண்ணீர் அன்றாடம் வடியும் நிலை அதுவே. சிடி, எம்ஆர்ஐ கருவிகளிலோ படுத்தே ஆக வேண்டும். அங்கே கண்ணில் விட்ட சொட்டு மருந்து மூக்கை எட்டவில்லை என்பதை மட்டும் வைத்து அடைப்பு என்று முடிவு கட்டக்கூடாது.