நெடுந்தீவுக் குதிரையும் மூக்குப்பேணி மஞ்சாடியும்

குறிகட்டுவானில் படகேறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கிடக்கும் நெடுந்தீவில் இறங்கி, முருகைக்கல் மதில்களைத் தாண்டி வெளிக்குப் போனால் குதிரைகள் மேய்ந்துகொண்டு நிற்கும். கட்டிவைக்கவும் ஆளில்லை, ஏறி ஓடவும் ஆளில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வழிவந்தவை.

போன முறை உயர்தரம் படிக்கும் மருமகனையும் கூட்டிப் போனேன்.

"மாமா, இதுகள் ஏன் இவ்வளவு கட்டை?" என்றான். நான் வாய் திறக்கமுன் தானே விடையும் சொன்னான்: "தண்ணியில்லாத தீவு. சின்னதுகள்தான் தப்பியிருக்கும். தக்கன பிழைத்தல்."

ரியூஷனில் பாடமாக்கிய விடை. பிழையென்று சொல்லமாட்டேன், ஆனால் அவசரம். கப்பலில் ஏற்றும்போதே கட்டைக் குதிரைகளாய் இருந்திருக்கலாம். குட்டியாய் இருக்கையில் தீனி போதாமல் வளர்த்தி நின்றிருக்கலாம். அதற்கும் பரம்பரையலகுக்கும் சம்பந்தமில்லை. இன்னொரு வழியும் உண்டு, வெறும் தற்செயல். கூர்ப்பு என்றதும் நாங்கள் இயற்கைத் தேர்வைப் பிடித்துக்கொண்டு இதை மறந்துவிடுகிறோம்.

வீட்டுக்கு வந்து அம்மம்மாவின் மூக்குப்பேணியை, அதுதான் மூக்குவைத்த குவளையை, எடுத்தோம். முதலில் ஐந்து மஞ்சாடி, ஐந்து புளியங்கொட்டை போட்டோம். சரிவரவில்லை. பாராமல் கையை விட்டாலும் விரல் பெரிய கொட்டையில்தான் போய் நிற்கிறது. அதற்குப் பெயர் தேர்வு, எங்களுக்கு வேண்டியது அதுவல்ல. பிறகு பத்தும் மஞ்சாடியாகவே எடுத்து, ஐந்துக்கு மட்டும் மார்க்கரால் கறுப்படித்தோம்.

ஒரு மணியை எடுத்து, நிறத்தைக் குறித்து, திரும்பப் போட வேண்டும். இப்படிப் பத்துத் தடவை. குறித்த கணக்குப்படி பேணியை நிரப்பினால் அது அடுத்த தலைமுறை. சிவப்பு ஐந்திலிருந்து ஆறானது, நாலுக்கு இறங்கியது, ஏழுக்கு ஏறியது. பதின்மூன்றாம் சுற்றில் பத்தும் சிவப்பு. அதற்குப் பிறகு நூறு தடவை எடுத்தாலும் கறுப்பு வராது. விகாரம் நடந்து ஒரு மணி தானாய் நிறம் மாறவேண்டும், அல்லது வெளியிலிருந்து ஒரு கறுப்பு வந்து விழவேண்டும். சிவப்பு எந்த விதத்திலும் திறமானதல்ல. மறுபடி தொடங்கியபோது கறுப்பு வென்றது.

பாடப்புத்தக மொழியில் மணி ஒரு எதிருரு, அதாவது ஒரே பரம்பரையலகின் மாற்று வடிவங்களில் ஒன்று; இந்த ஆட்டம் பிறப்புரிமை நகர்வு. 1956இல் பீற்றர் பூரி என்ற ஆய்வாளர் இதையே பழ ஈக்களில் செய்து காட்டினார். 107 கூட்டங்கள்; ஒவ்வொன்றிலும் 8 ஆண், 8 பெண்; கண்ணின் நிறத்தைத் தரும் இரண்டு எதிருருக்கள் பாதிக்குப் பாதி. 19 தலைமுறை கழிய, 30 கூட்டங்களில் ஒரு எதிருரு அடியோடு அழிந்திருந்தது. 28 கூட்டங்களில் அது மட்டுமே மிஞ்சியிருந்தது.

"ஆனா குதிரை பத்து இல்லையே, நூற்றுக்கணக்கில நிக்குதே" என்றான் மருமகன். நல்ல கேள்வி.

தலையை எண்ணினால் போதாது. குதிரைக் கூட்டத்தில் ஒரு கடுவன் பல பெட்டைகளைத் தன்னோடு வைத்திருக்கும். மற்றக் கடுவன்கள் ஓரமாய் நிற்கும். ஒரு பேச்சுக்கு 10 கடுவனும் 190 பெட்டையும் மட்டும் குட்டிக்குக் காரணமென்று வைப்போம். பிறப்புரிமையியலாளர் சூவல் ரைட்டின் கணக்கு: இரண்டையும் பெருக்கி, நாலால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கவேண்டும். 7600ஐ 200ஆல் வகுத்தால் 38. கண்ணுக்கு இருநூறு குதிரை, பரம்பரைக் கணக்குக்கு முப்பத்தெட்டுத்தான்! ஒரு குதிரையில் ஒவ்வொரு பரம்பரையலகும் இரண்டு பிரதி, ஆகவே 38 குதிரைக்கு 76 பிரதி. ஒவ்வொரு தலைமுறையிலும் பரம்பரைப் பல்வகைமையில் 76இல் ஒரு பங்கு கரையும். குதிரைக்குத் தலைமுறை சுமார் 10 ஆண்டென்றால், 200 ஆண்டில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். ஆணும் பெண்ணும் நூறு நூறாய்ச் சமமாகப் பங்குபற்றினால் 5 சதவீதந்தான் போகும்.

இவ்வளவு சிறிய குடித்தொகையில் இயற்கைத் தேர்வின் கையும் தளர்ந்துவிடும். ஒரு எதிருரு 1 சதவீத அனுகூலம் தந்தாலும், அந்த 76இல் ஒரு பங்கைவிட அது சிறிது. நகர்வின் இரைச்சலில் அமிழ்ந்துபோகும். கொஞ்சம் தீங்கான எதிருருவும் இதே வழியில் அதிர்ஷ்டத்தால் நிலைத்துவிடலாம். ஆகவே தீவில் கண்ட ஒவ்வொரு குணத்துக்கும் "இது எதுக்கு உதவுது?" என்று கேட்பது எனக்குச் சம்மதமில்லை.

"அப்ப வெளியில இருந்து ஒரு குதிரையைக் கொண்டுவந்து விட்டால்?"

விடலாம். தலைமுறைக்கு ஒன்று வந்து சேர்ந்தாலே நகர்வுக்குப் பெரிய தடை. கூட்டம் பெரிதா சிறிதா என்பது இதில் அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் வந்து புல் மேய்ந்தால் மட்டும் போதாது, அதற்குக் குட்டி பிறக்கவேண்டும். கடுவனென்றால் முதலில் அங்குள்ள கடுவனிடம் உதைவாங்கி வெல்லவேண்டும். படகில் ஏற்றுவதானால் பெட்டையை ஏற்று என்றேன்.