4275 கட்டங்களில் ஒரு புகைப்படம்

இலங்கையின் மருதமுனையிலிருந்து ஒரு வாசகி நல்ல கேள்வி ஒன்று அனுப்பியிருக்கிறார். அவருடைய உம்மம்மா தறியில் இருந்து நெய்கிற போட்டோ ஒன்று வீட்டில் மிஞ்சியிருக்கிறது. 2004 சுனாமியில் நனைந்து கறைபிடித்த படம். அதை ஸ்கேன் பண்ணி, கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டிருக்கிறாராம். "சேர், எண்ட கொம்பியூட்டர்ல 4 ஜிபி ராம்தான். பிழைச்சா அண்டூ அடிக்கிறன். நூறு தரம் அடிச்சாலும் ஒவ்வொண்டாப் பின்னுக்குப் போகுது. அந்த நூறு படத்தையும் இது எங்க வச்சிருக்கு?"

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இந்தக் கேள்வியின் அருமை தெரியும். 6 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் கொண்ட போட்டோவை, அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அடர்த்தியில் ஸ்கேன் பண்ணினால், 3600க்கு 4800 பிக்சல் வரும். அதாவது 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் பிக்சல். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒவ்வொரு பைட், ஒளிபுகும் அளவுக்கு ஒரு பைட் என்று பிக்சலுக்கு 4 பைட். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 69 மெகாபைட். நூறு பிரதி என்றால் 6900 மெகாபைட். 4 ஜிபி ராமில், அதாவது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகத்தில், அது அடங்காது.

அப்படியென்றால் கிம்ப் நூறு பிரதி வைத்திருக்கவில்லை. வேறு ஏதோ செய்கிறது. அது என்ன என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அந்த யோசனை எப்படிப்பட்ட காலத்தில் பிறந்தது என்று தெரிந்தால் இன்னும் நன்றாக விளங்கும்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்று இரண்டு மாணவர்கள். கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) பாடத்துக்காக லிஸ்ப் என்ற நிரல் மொழியில் தொடங்கிய வேலை அலுத்துப்போக, அதைக் கைவிட்டு, படம் திருத்தும் மென்பொருள் ஒன்றை எழுத உட்கார்ந்தார்கள். அதுதான் கிம்ப். 1995 நவம்பர் 21 அன்று அதை வெளியுலகுக்கு அறிவித்தார்கள். 1996 தொடக்கத்தில் 0.54 என்ற சோதனைப் பதிப்பு வந்தது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மூல நிரலைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் சின்னமான டக்ஸ் என்ற பென்குயினை லாரி யூவிங் 1996இல் வரைந்தது இந்த 0.54இல்தான். அப்போது அதில் அடுக்குகளே, அதாவது கண்ணாடித் தாள் போல ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தனித்தனியே வரையும் தளங்களே, கிடையாது. ஒரே தளத்தில் அந்தக் கொழுத்த வயிறும் பளபளப்பும் வந்திருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

0.54க்கு ஒரு பெரிய குறை இருந்தது. அதன் பொத்தான்களும் சாளரங்களும் மோடிஃப் என்ற, காசு கொடுத்து வாங்க வேண்டிய கருவித்தொகுப்பை நம்பியிருந்தன. மேட்டிஸ் அதற்கு மாற்றாகத் தானே ஒன்றை எழுதினார். அதுதான் ஜிடிகே. பிறகு லினக்ஸுக்கான க்னோம் என்ற முழு டெஸ்க்டாப்பே அதன்மேல் எழுந்தது. அடுக்குகள் 0.60இல் வந்தன. 1998 ஜூனில் 1.0 வெளியானது. அதற்குள் நம் கேள்விக்குரிய விஷயமும் உள்ளே வந்துவிட்டிருந்தது.

அவர்கள் எழுதத் தொடங்கிய காலத்தில் வீட்டுக் கணினியில் ராம் பெரும்பாலும் 8 அல்லது 16 மெகாபைட்தான். நம் உம்மம்மாவின் படம் 69 மெகாபைட். நூறு பிரதியை விடுங்கள், ஒரு பிரதியே உள்ளே போகாது. ராமை விடப் பெரிய படத்தை எப்படித் திருத்துவது என்பதுதான் அவர்களுக்கு முன்னிருந்த சிக்கல்.

படத்தை ராமில் வைக்க மிக எளிய வழி, வரிவரியாக வைப்பது. முதல் வரியின் 3600 பிக்சல், அது முடிந்ததும் இரண்டாம் வரியின் 3600, அப்படியே கடைசி வரை. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தில் மேலும் கீழுமாக ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டு பிக்சல்கள் ராமில் 14,400 பைட் தள்ளித் தள்ளி இருக்கும். சாதாரணக் கணினிகளில் இயங்குதளம் ராமை 4096 பைட் கொண்ட பக்கங்களாகத்தான் எடுத்து வைக்கிறது, இடம் போதாவிட்டால் வன்வட்டுக்கு அனுப்புகிறது. ஆகவே ஒரு பிக்சல் தடிப்பில் 100 பிக்சல் நீளத்துக்கு நெட்டுக்குத்தாக ஓடுகிற ஒரு வெடிப்பை அழிக்க, 100 வெவ்வேறு பக்கங்களைத் தொட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நமக்கு வேண்டியது 4 பைட் மட்டும். அந்தப் பக்கங்கள் வன்வட்டில் கிடந்தால், நூறு தடவை வட்டைத் தேடிப் போக வேண்டும்.

கிம்ப் வேறு விதமாக வைத்தது. படத்தை 64க்கு 64 பிக்சல் கொண்ட சதுரக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் பிக்சல்களையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தது. ஒரு கட்டத்தில் 4096 பிக்சல், அதாவது 16 கிலோபைட், சரியாக நான்கு பக்கம். நம் படத்துக்குக் குறுக்கே 57, நெடுக்கே 75, மொத்தம் 4275 கட்டம். மேலே சொன்ன வெடிப்பு இப்போது இரண்டு கட்டத்தை, மிஞ்சினால் மூன்று கட்டத்தைத் தொடும். நூறு பக்கம் இருந்த இடத்தில் அதிகபட்சம் பன்னிரண்டு. படத்தில் அருகருகே இருப்பவை நினைவகத்திலும் அருகருகே இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். மனிதர் படம் திருத்தும்போது கை ஒரு மூலையிலேயே சுற்றிச் சுற்றி வரும் என்பதைக் கவனித்தவர்கள்தான் இப்படி அடுக்க முடியும்.

அப்புறம், எல்லாக் கட்டமும் ராமில் இருக்க வேண்டியதில்லை. அண்மையில் தொட்டவை ராமில் இருக்கும். நெடுநேரம் தொடாதவை வன்வட்டில் உள்ள ஒரு தற்காலிகக் கோப்புக்குப் போகும், வேண்டும்போது திரும்பி வரும். வட்டில் இடம் இருக்கும்வரை படம் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம்.

சரி, அண்டூ? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

படத்தைக் கட்டமாக வெட்டிவிட்டால், படம் என்பது உண்மையில் ஒரு பட்டியல் ஆகிவிடுகிறது. முதலாம் கட்டம் நினைவகத்தில் இன்ன இடத்தில் இருக்கிறது, இரண்டாம் கட்டம் இன்ன இடத்தில், என்று 4275 முகவரிகள். இப்போது இந்தப் படத்துக்கு ஒரு பிரதி வேண்டுமென்றால், பிக்சல்களைப் படியெடுக்க வேண்டியதில்லை. முகவரிப் பட்டியலைப் படியெடுத்தால் போதும். ஒரு முகவரிக்கு 8 பைட் என்று வைத்தாலும் அது 34 கிலோபைட்தான். இரண்டு பட்டியலும் அதே கட்டங்களையே காட்டிக்கொண்டிருக்கும். கூடவே ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் எழுதப்படும்: இந்தக் கட்டத்தை எத்தனை பட்டியல்கள் காட்டுகின்றன?

ஒரு கட்டத்தைப் படிக்க மட்டும் வந்தால் அந்த எண்ணைப் பற்றிக் கவலையில்லை. எழுத வந்தால்தான் பார்க்க வேண்டும். எண் 1 என்றால் வேறு யாரும் அதை வைத்திருக்கவில்லை, நேராக எழுதலாம். 2 அல்லது அதற்கு மேல் என்றால், அந்த ஒரு கட்டத்தை மட்டும் படியெடுத்து, என் பட்டியலில் முகவரியை மாற்றி, புதிய பிரதியில் எழுத வேண்டும். பழைய கட்டம் பழைய பட்டியலுக்காக அப்படியே இருக்கும். வரம்பு கட்டிப் பிரித்த வயலில் ஒரு பாத்திக்கு மட்டும் தண்ணீர் பாய்ச்சுவது போல, மாற்றம் அந்தக் கட்டத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது.

1.0 காலத்திலேயே, தூரிகை தொடப்போகிற கட்டங்களை மட்டும் முன்கூட்டி எடுத்து வைக்கும் முறை இருந்தது. எண் பார்த்துப் பகிர்ந்துகொள்ளும் இந்த முறை பின்வந்த பதிப்புகளில் முழுமை பெற்றது.

வாசகியின் வேலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 40 பிக்சல் தூரிகையால் கறையில் ஒருமுறை தொட்டால், அது அதிகபட்சம் நான்கு கட்டங்களில் படும். பழையவை என்று வைத்துக்கொள்ள வேண்டியது 64 கிலோபைட். இப்படி நூறு தொடுகைக்கு ஏறத்தாழ 6.4 மெகாபைட். நாம் பயந்த 6900 மெகாபைட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அண்டூ அடித்தால் கிம்ப் எந்தக் கணக்கையும் தலைகீழாகச் செய்வதில்லை. செய்யவும் முடியாது, மங்கலாக்கிய இடத்தில் பழைய விவரம் அழிந்துவிட்டது. பட்டியலில் நான்கு முகவரிகளைப் பழையபடி மாற்றிவிடுகிறது. அதனால்தான் அண்டூ அவ்வளவு சட்டென்று நடக்கிறது.

இந்தச் சிக்கனம் எப்போதும் கிடைக்காது. படம் முழுவதையும் மங்கலாக்கினாலோ, வெளிச்சத்தைக் கூட்டினாலோ, 4275 கட்டமும் மாறும். அப்போது ஒரு அண்டூவுக்கு முழு 69 மெகாபைட்டும் போகும். ஆகவே முழுப் படத்துக்கான வேலைகளை முதலிலேயே முடித்துவிட்டு, கறை நீக்குவது போன்ற சில்லறை வேலைகளைப் பிறகு செய்வது நல்லது. வழக்கமான அமைப்பில் கிம்ப் குறைந்தது 5 படி அண்டூவைக் கட்டாயம் வைத்திருக்கும், அதற்கு மேல் நினைவக வரம்பு அனுமதிக்கும் அளவுக்கு. அந்த வரம்பை விருப்பத்தேர்வுகளில் நீங்களே கூட்டலாம். கணினி மெதுவானால் டெஸ்க்டாப்பில் ரிஃப்ரெஷ் அடித்துக்கொண்டே இருக்கும் வழக்கம் நம்மிடம் பலருக்கு உண்டு. அது ராமில் ஒரு பைட்டையும் விடுவிப்பதில்லை. படித்த பிள்ளைகளும் இதை நம்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விருப்பத்தேர்வுகளில் கட்டங்களுக்கான ராம் அளவை மாற்றிப் பாருங்கள், பலன் தெரியும்.

வேலை தொடங்குமுன் போட்டோ இருக்கும் அடுக்கை ஒருமுறை டுப்ளிகேட் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். நாம் தொடாதவரை அந்தப் பிரதி ராமில் இடமே எடுக்காது என்று சொல்லலாம், காரணம் மேலே இருக்கிறது. கிம்பை மூடினால் அண்டூ வரலாறு போய்விடும், ஆனால் அடுக்குகள் கிம்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப்பில் சேமித்து வைத்தால் இருக்கும். அந்தக் கோப்புக்குள் படம் இன்றைக்கும் 64க்கு 64 கட்டங்களாகத்தான் எழுதப்படுகிறது. 2018இல் 2.10 பதிப்பிலும் 2025 மார்ச்சில் 3.0 பதிப்பிலும் உள்ளே எவ்வளவோ மாறியும் அது மாறவில்லை.

எக்ஸ்சிஎஃப் என்பது பெர்க்லியில் அந்த இருவரும் சேர்ந்திருந்த மாணவர் கணினிக் கழகத்தின் பெயரிலிருந்து வந்தது. பெரிய ஆய்வு நிதி எதுவும் கிம்பைப் பெற்றெடுக்கவில்லை. மாணவர்கள் தாங்களாகக் கூடி, பாடத்திட்டம் கேட்காத ஒன்றைச் செய்ய ஓரிடம் இருந்தது. நம் நாட்டில் ஆய்வு நிதி என்றதும் கட்டடமும் மாநாடும்தான் பேச்சில் வருகின்றன. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் இரவு முழுவதும் பூட்டாத ஓர் அறை, நல்ல இணைப்பு, நாலைந்து கணினிகள், அறிக்கை கேட்காத ஒரு பொறுப்பாசிரியர் என்று வைத்துப் பாருங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு மாநாட்டுச் செலவில் சிறு பகுதிதான் இருக்கும். மாணவர்கள் செய்ததை அலுமாரியில் பூட்டி வைக்காமல், மூல நிரலோடு திறந்து விட வேண்டும். கிம்பலும் மேட்டிஸும் படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் கிம்ப் பிழைத்தது, நிரல் திறந்திருந்ததால் வேறு ஆட்கள் வந்து தொடர்ந்து எழுதியதால்தான்.

அவர்கள் இருவரும் பின்னர் கூகுளில் வேலை பார்த்தார்கள். 2015இல் பென் டார்னெல் என்பவரோடு சேர்ந்து காக்ரோச் லேப்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அது செய்வது ஒரு தரவுத்தளம். அதிலும் தரவு துண்டுதுண்டாக வெட்டப்பட்டுப் பல கணினிகளில் பிரதியாக வைக்கப்படுகிறது. ஒரு மதிப்பு மாறினால் பழையதன் மேல் எழுதாமல், நேரம் குறித்துப் புதியதாக இன்னொன்றை எழுதுகிறது.