மாங்காய்க் கிரேட்டுக்குள் களிமண் தகடு

கோடையில் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிகளில் பிளாஸ்டிக் கிரேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். அடிக்கிரேட் மேல்பாரத்தால் பக்கவாட்டில் பிதுங்காமல் நிற்க வேண்டும். லாரியிலிருந்து இறக்கும்போது கைதவறி விழுந்தால் அதன் மூலை தெறிக்கவும் கூடாது. முன்னது விறைப்பு, பின்னது அடியைத் தாங்கும் திறன். பிளாஸ்டிக்கில் களிமண்ணைக் கலந்தால் விறைப்பு பெரும்பாலும் கூடும். அடியைத் தாங்குவதோ அந்த மண் உள்ளே எப்படிப் பிரிந்து பரவியது என்பதைப் பொறுத்தது.

இதற்கு எல்லா மண்ணும் உதவாது. பென்டோனைட் என்னும் களிமண்ணில் மிகுந்திருக்கும் மான்ட்மோரில்லனைட் என்னும் கனிமமே பெரிதும் பயன்படுகிறது. கரிசல் நிலம் மழையில் உப்பி வெயிலில் பாளம்பாளமாக வெடிப்பதற்கும் இந்தக் கனிமக் குடும்பமே காரணம். ஏறத்தாழ 1 நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகள் இதில் சீட்டுக்கட்டுபோல் அடுக்கியிருக்க, அவற்றின் இடுக்கில் நீர் புகும்போது மண் உப்புகிறது, வெளியேறும்போது சுருங்குகிறது. அதே இடுக்கில் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைப் புகுத்தித் தகடுகளைத் தனித்தனியாகப் பிரிப்பதுதான் இங்கே வேலை. ஒரு கிராம் மண்ணின் தகடுகளை ஒன்றுவிடாமல் பிரித்தால், இருபுறப் பரப்பும் சேர்ந்து 750 சதுர மீட்டர் வரை வரும். நம் ஊர்க் கணக்கில் அது ஏறத்தாழ பதினெட்டரை சென்ட் நிலம்.

ஆனால் தகடுகள் நீரை நாடுபவை, பெரும்பாலான பிளாஸ்டிக்குகள் எண்ணெயின் சுபாவம் கொண்டவை. ஆகவே தகடுகளுக்கு இடையே உள்ள சோடியம் அயனிகளை நீக்கிவிட்டு, எண்ணெய்ச் சுபாவமுள்ள நீண்ட கரிமவால் கொண்ட அம்மோனியம் அயனிகளை அங்கே அமர்த்துகிறார்கள். பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்குக்கு இதுவும் போதாமல், மண்ணையும் அதையும் ஒட்டவைக்க, மலேயிக் அன்ஹைட்ரைடு என்னும் வேதிப்பொருளை இணைத்த பாலிபுரொப்பிலீனையும் சிறிது சேர்க்க வேண்டியிருக்கிறது.

1980களின் பிற்பகுதியில் ஜப்பானின் டொயோட்டா ஆய்வகத்தார் நைலான்-6இல் இதைச் செய்துகாட்டினர். எடையில் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டிய மண்ணுக்கே விறைப்பின் அளவான இழுவிசை மட்டு 1.1 கிகாபாஸ்கலிலிருந்து 2.1 ஆகவும், இழுவை வலிமை 69 மெகாபாஸ்கலிலிருந்து 107 ஆகவும் உயர்ந்தன. சுமையின்கீழ் வளையத் தொடங்கும் வெப்பநிலை 65 பாகையிலிருந்து ஏறத்தாழ 145 பாகை செல்சியசுக்குச் சென்றது. டால்க் என்னும் கனிமப் பொடி போன்ற வழக்கமான நிரப்பிகளை 20, 30 சதவீதம்கூடப் போடுவது உண்டு என்பதை நினைத்தால், இந்த 4 சதவீதத்தின் அருமை புரியும். தகட்டின் அகலம் அதன் தடிமனைப்போல் நூறு மடங்கு இருப்பதால் சுமை பிளாஸ்டிக்கிலிருந்து தகட்டுக்கு எளிதில் மாறுகிறது. தகட்டை ஒட்டிய சங்கிலிகளும் முன்போல் நெளிய முடிவதில்லை.

அந்த நெளிவு குறைவதற்கு ஒரு விலை உண்டு: பொருள் அறுவதற்குமுன் நீளும் அளவு பெரும்பாலும் சுருங்கிவிடும். தகடுகள் பிரியாமல் கட்டியாகவே தங்கிவிட்டாலோ கேடு அதிகம். சப்பாத்தி மாவில் கரையாமல் நிற்கும் மாவுக்கட்டியைச் சுற்றிக் கிழிவதுபோல, விழுந்த கிரேட்டில் விரிசல் அந்தக் கட்டியின் ஓரத்தில்தான் தொடங்கும். கட்டியை உடைக்க இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில், அதாவது திருகுகள் சுழன்று பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் இயந்திரத்தில், உருகிய பிளாஸ்டிக்கை வலுவாகப் பிசைய வேண்டும். பிசையப் பிசைய அதன் சூடு ஏறும். 200 பாகையை ஒட்டி அந்த அம்மோனியம் வால்களே சிதையத் தொடங்கும் என்பதால், ஓசூர்ப் பக்கத்து மோல்டிங் பட்டறையில் இதை முயல்பவர் திருகின் வேகத்தோடு வெப்பமானியையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.