போனஸ் என்ற தூண்டில்

கணினிப் பாதுகாப்பு வேலைக்கு அறவியல் வகுப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அந்த வேலையில் இருக்கும் நான் சொல்வது இந்தக் கதையைத்தான். ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்று பார்க்க, நாங்களே அவர்களுக்குப் போலி மின்னஞ்சல் அனுப்பிச் சோதிப்பதுண்டு. பிஷிங் சோதனை என்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்கு 'உங்கள் போனஸ் விவரம்' என்ற தலைப்பில் ஒன்றை எழுதி அனுப்பினேன். நிறையப் பேர் கிளிக் செய்தார்கள். அறிக்கையைக் கொஞ்சம் பெருமையோடுதான் கொடுத்தேன்.

அந்த ஆண்டு அங்கே யாருக்கும் போனஸ் கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதன்பிறகு பல மாதங்களுக்கு, உண்மையிலேயே சந்தேகமான மின்னஞ்சல் வந்தாலும் பாதுகாப்புக் குழுவிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

சட்டப்படி என்மேல் தவறில்லை, எழுத்தில் அனுமதி இருந்தது. ஆனால் அனுமதி கொடுத்தது நிர்வாகம், ஏமாந்தது ஊழியர்கள். மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தக்கூடாது என்ற தத்துவஞானி கான்ட்டின் கருத்தைக் கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அது எதற்கென்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அனுமதி இருக்கிறதா என்பதோடு நிற்காமல், கேடு யார் தலையில் விழும், அவரிடம் யாராவது கேட்டார்களா என்றும் பார்க்கும் பழக்கம் அறவியல் வகுப்பில்தான் வளர்கிறது. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பில் பொய் முகவரியை நுழைக்கும் வழியை 2008-இல் கண்டுபிடித்தார். உடனே வெளியிட்டால் புகழ் அவருக்கு, ஆபத்து எல்லோருக்கும். மென்பொருள் நிறுவனங்களிடம் ரகசியமாகச் சொன்னார். பல நிறுவனங்களின் திருத்தங்கள் ஜூலை 8 அன்று ஒன்றாக வெளிவந்தன. மேலும் ஒரு மாதம் விவரத்தை மறைத்துவைக்க நினைத்தார், இரண்டு வாரத்துக்குள் கசிந்துவிட்டது. அப்படியானால் மறைத்தது சரியா? சரி என்பேன், திருத்திக்கொள்ள அந்த நாட்களாவது கிடைத்தன. ஆனால் காலவரையறை இல்லாமல் மறைத்தால் நிறுவனங்கள் தூங்கிவிடும். மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் பிராஜெக்ட் ஜீரோ குழு, திருத்துவதற்கு நிறுவனங்களுக்கு 90 நாள் கெடு வைப்பது அதனால்தான்.

வேலைக்கு வரும் புதியவர்களிடம் நான் கேட்பது ஒன்றுண்டு: ஊடுருவல் சோதனையின்போது, அதாவது அனுமதியோடு ஒரு நிறுவனத்தின் கணினிகளுக்குள் நுழைந்து ஓட்டை தேடும்போது, ஓர் ஊழியரின் மருத்துவ அறிக்கை கண்ணில் பட்டால்? 'ஸ்கிரீன்ஷாட் எடுத்து அறிக்கையில் சேர்ப்பேன்' என்று சட்டென்று சொல்பவரைவிட, 'அதைத் திறக்காமலே ஓட்டையை நிரூபிக்க முடியுமா?' என்று திருப்பிக் கேட்பவரைத்தான் எடுக்கிறேன். கருவிகளை இரண்டு மாதத்தில் சொல்லித்தந்துவிடலாம்.

போனஸ், வேலைநீக்கம், நோய் இவற்றை இப்போது நான் தூண்டிலாக வைப்பதில்லை. கிளிக் எண்ணிக்கை குறைவாகத்தான் வருகிறது. வாடிக்கையாளர்கள் சிலருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.