மேட்டுப்பாளையத்துல நல்லா எழுதின பேனா ஊட்டியில ஏன் மை கக்குது?

இங்க் பேனா வச்சிருக்கவங்க மலை ஏறினா ஒரு தடவையாவது இது நடந்திருக்கும். மேட்டுப்பாளையத்துல சட்டைப் பையில சொருகும்போது சுத்தமா இருந்த பேனா, ஊட்டி பஸ் ஸ்டாண்டுல இறங்கி மூடியைத் திறந்தா கழுத்து பூரா மை, விரல் பூரா மை, மூடிக்குள்ளயும் தேங்கி நிக்குது. உடனே பேனா மட்டம்னு முடிவு பண்ணி ஓரமா போட்டுட்டு பால்பாயிண்டுக்குப் போயிடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கும், ஏன்னா அந்தப் பேனா மேல ஒரு குத்தமும் இல்ல. இங்க் பேனா காத்தை நம்பி ஓடற சாமான், மலையில காத்தழுத்தம் குறையுது, அதுக்கு ஏத்த மாதிரி அது நடந்துக்குது.

பேனாவைக் கவுத்துப் புடிச்சா மை மொத்தமும் கொட்டணும், ஆனா கொட்டறதில்ல. ஒரு காரணம் நுண்புழை ஏற்றம், ஸ்கூல்ல படிச்சதுதான்: நிப்பு நடுவுல இருக்கற கீறலும், நிப்புக்கு அடியில இருக்கற கறுப்புக் கட்டையில ஓடற மெல்லிய பள்ளமும் மையை ஒட்டிப் புடிச்சுக்கும். இன்னொரு காரணம் காத்து. மைக்கு மேல உள்ளுக்குள்ள இருக்கற காத்தோட அழுத்தம் வெளிக்காத்தை விட ஒரு இம்மி கம்மி, அதனால வெளிக்காத்து கீழே இருந்து மையைத் தாங்கி நிக்குது. எழுத எழுத மை இறங்கும், உள்ள அழுத்தம் இன்னும் கொஞ்சம் குறையும், ஒரு கட்டத்துல கட்டை வழியா சின்னதா ஒரு காத்துக் குமிழி உள்ள ஏறும், அது ஏறினாத்தான் அடுத்த மை இறங்கும். உடம்பு வழியா உள்ள தெரியற பேனாவா இருந்தா விறுவிறுன்னு நாலஞ்சு வரி எழுதிக்கிட்டே கவனிங்க, கட்டை முடியற இடத்துல குமிழி உப்பி, கொஞ்சம் தயங்கி, பட்டுனு கழண்டு மை வழியா மேல போகும். எனக்கு இதைப் பாக்கறது அலுக்கவே அலுக்காது. ஒரே பள்ளத்துல மை இறங்கணும் காத்தும் ஏறணும்ங்கற இந்த விஷயத்துக்குத்தான் 1884ல அமெரிக்காவுல லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கினாரு, இன்னைக்கு வர்ற பேனாவும் அடிப்படையில அதேதான்.

அந்த இம்மி எவ்வளவுன்னு கணக்குப் போட்டா ஆச்சரியமா இருக்கும். அஞ்சு சென்டிமீட்டர் உயரத்துக்கு மை நின்னா அது கொடுக்கற அழுத்தம் சுமார் 500 பாஸ்கல், கடல் மட்டத்துல காத்தோட அழுத்தம் 1,01,325 பாஸ்கல், அதாவது அரை சதவீதம்கூட முழுசா இல்ல. ஒரு 40, 50 மீட்டர் மேல ஏறினாலே காத்தழுத்தம் அவ்வளவு குறைஞ்சிடும். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். பர்லியாறு, குன்னூர்னு தாண்டி மேல வர்றதுக்குள்ள வெளிக்காத்தோட அழுத்தம் அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சு போகுது, அப்ப பேனாவுக்குள்ள அடைபட்ட காத்துக்கு முன்ன இருந்ததை விட கால் பங்கு கூடுதலா இடம் வேணும். கீழே வாங்கின சிப்ஸ் பாக்கெட் குன்னூர்ல உப்பிக்கிட்டு நிக்குமே, அதுக்கும் காரணம் இதேதான், பாக்கெட் உப்புது, பேனா உடம்பு உப்பாது, அதனால மையை வெளிய தள்ளுது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், வத்தலகுண்டுல இருந்து ஏறினாலும் கதை ஒண்ணுதான்.

இப்ப முக்கியமான இடம். உடம்புலயே நேரா மை ஊத்தற எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா, நம்ம திருவள்ளூர்ல ரங்கா பேனாக்காரங்க கடைசல்ல செய்யறாங்களே அந்த வகை, மூணு மில்லி பிடிக்கும்னு வைங்க. ரெண்டரை மில்லி மை இருந்தா காத்து அரை மில்லிதான், அது கால் பங்கு விரிஞ்சா வெளிய தள்ளறது ரெண்டு மூணு சொட்டு. அதே பேனாவுல அரை மில்லி மை, ரெண்டரை மில்லி காத்துன்னு இருந்தா விரியற காத்து 0.6 மில்லிக்கு மேல, இருக்கற மை மொத்தத்தையும் தள்ளிடறதுக்கு அதுவே போதும்! மை கம்மியா இருந்தா கம்மியாத்தான் கசியும்னு எல்லாரும் நினைக்கறாங்க, நேர் எதிர். கட்டையில வரிவரியா வெட்டி வச்சிருக்காங்க பாருங்க, அது அழகுக்கு இல்ல, இப்படித் தள்ளப்படற மை கொஞ்ச நேரம் தங்கிக்கறதுக்கு, ஆனா பத்து சொட்டெல்லாம் அதுல தாங்காது. கன்வெர்ட்டர் (மையை உறிஞ்சி வச்சுக்கற, கழட்டி மாட்டற சின்னக் குழாய்) போட்ட பேனாவுல மொத்தமே ஒரு மில்லிக்கு உள்ளதான் பிடிக்கும்ங்கறதால அது பெரும்பாலும் தப்பிச்சிடும்.

அதனால மலை ஏறும்போது ஒண்ணு கழுத்து வரைக்கும் ரொப்பிக்கங்க, இல்ல முழுசா காலி பண்ணிக் கழுவி எடுத்துட்டுப் போங்க, எப்படியும் நிப்பு மேல பாக்க இருக்கணும். நிப்பு மேல இருந்தா கட்டைக்குப் பக்கத்துல மை இல்ல, காத்துதான் நிக்குது, விரியற காத்து மையைத் தொடாம அப்படியே வெளிய போயிடும். பையில படுக்கப் போட்டீங்கன்னா காத்து மட்டும் தனியா போகாது, மையையும் தள்ளிடும். விமானத்துக்கும் இதே வழிதான், விமானத்துக்குள்ள இருக்கற அழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டி அளவு உயரத்துல இருக்கறதுதான். இறங்கும்போது பயமே இல்ல, உள்காத்து சுருங்கி வெளிக்காத்தை உள்ள இழுக்கும், கட்டையில இருக்கற மையும் கொஞ்சம் பின்வாங்கும், கீழே வந்ததும் முதல் வரி வரலைன்னா நிப்பைக் கீழ பாக்க ஒரு நிமிஷம் வைங்க, வந்துடும்.

ஊட்டியிலயே குடியிருக்கவங்களுக்கு உயரத்தை விட குளிர்தான் பிரச்சனை. ஜனவரி காலையில மேஜை மேல சில்லுனு கிடந்த பேனாவைக் கையில எடுத்தா கைச்சூட்டுல உள்காத்து விரியும், பதினஞ்சு டிகிரி ஏறினா சுமார் அஞ்சு சதவீதம், பேனா முக்கால்வாசி காலின்னா எழுதிக்கிட்டே இருக்கும்போது பொதக்குனு ஒரு சொட்டு நோட்டுல விழும். எபோனைட் சூட்டை மெதுவாத்தான் கடத்தும், மெட்டல் உடம்பு சட்டுனு கடத்திடும், அதனால இந்த ஊருக்கு என்னைக் கேட்டா தடியான எபோனைட் பேனாதான். எழுதறதுக்கு முன்னாடி நிப்பு மேல பாக்க சட்டைப் பையில கொஞ்ச நேரம் வச்சு எடுத்தீங்கன்னா போதும். குளிர்ல இன்னொண்ணும் உண்டு, தண்ணி 30 டிகிரியை விட 10 டிகிரியில ஒண்ணரை மடங்குக்கு மேல பாகுத்தன்மையோட இருக்கும், மையும் பெரும்பாலும் தண்ணிதானே, கோயம்புத்தூர்ல தாராளமா இறங்கின அதே பேனா இங்க காஞ்சு எழுதற மாதிரி தோணும்.

மை பத்தியும் சொல்லணும். புளூ பிளாக்குனு வர்ற மையில சிலது பழைய முறையில இரும்பும் டானினும் (மரப்பட்டை, காய்ல இருக்கற துவர்ப்புப் பொருள்) சேந்தது, எழுதும்போது தெரியற நீலம் சாயம், காகிதத்துல காத்து பட்டதும் இரும்பு ஆக்சிஜனேற்றம் ஆகி டானினோட சேந்து நாள் ஆக ஆக கறுத்து நின்னுடும், தண்ணி பட்டாலும் எழுத்து போகாது. நம்ம ஊர்ல கடுக்காயையும் அன்னபேதியையும் (இரும்பு சல்பேட் உப்பு) சேத்து மை காய்ச்சினதும் இதே வேதியியல்தான். மலையில டானினுக்குப் பஞ்சமே இல்ல, சீகை மரம்னு சொல்ற வாட்டிலைப் பட்டையில இருக்கற டானினுக்காகவும் நீலகிரியிலயும் பழனி மலையிலயும் வச்சாங்க, தேயிலையிலயும் அந்த வகைப் பொருள்தான் இருக்கு. கடுங்காப்பி நிறத்துல பால் இல்லாத டீ போட்டு அதுல ஒரு சிட்டிகை அன்னபேதி போடுங்க, கண் முன்னாலயே கறுக்கும். குச்சி நிப்புல தொட்டு எழுதிப் பாக்கலாம், பேனாவுக்குள்ள மட்டும் ஊத்தாதீங்க, அடியில படியற வண்டல் கட்டையோட பள்ளத்தை அடைச்சிடும். கடையில வாங்கற இரும்பு மையில வண்டல் படியாம இருக்க அமிலம் சேத்திருப்பாங்க, அது ஸ்டீல் நிப்பை மெதுவா அரிக்கும், அதனால மாசம் ஒரு தடவையாவது பச்சத்தண்ணியில தெளிவா வர்ற வரைக்கும் கழுவணும். சுடுதண்ணி வேண்டாம், எபோனைட் நிறம் மங்கிடும்.

மழை மாசத்துல பீரோவுல இருக்கற செருப்புலயே பூஞ்சை புடிக்கற ஊர் இது, மை பாட்டிலும் தப்பாது. பாட்டில்ல நேரா நிப்பை முக்காம, வேண்டிய அளவு ஃபில்லர்ல எடுத்து ஊத்துங்க, மிச்சத்தைத் திருப்பி ஊத்தாதீங்க. மேல ஆடையா ஏதாவது மிதந்தாலோ வாடை மாறினாலோ வடிகட்டிப் பாக்கலாம்னு நினைக்க வேண்டாம், பாட்டிலோட தூக்கிப் போட்டுட்டு அந்த மை போட்ட பேனாவையும் அன்னைக்கே கழுவிடுங்க.